படுத்தவள் பார்க்க ஒரு சன்னல்

1954 மார்ச் 9, செவ்வாய்

மிளகாய் வத்தல் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. மாமாவின் கமிஷன் கடை வீட்டோடு ஒட்டியது என்பதால் கூடத்தில் யார் பேசினாலும் நடுவில் ஒரு தும்மல். அறைக் கதவைச் சாத்தினால் உள்ளே இருட்டு, திறந்தால் நெடி. குழந்தைக்குக் கண் எரியுமோ? பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இந்தக் கவலை இல்லை. பிரசவம் முடிந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் அந்த வீட்டுக் காற்றை நினைக்கிறேன்.

இன்று குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை கையை நிறுத்தினார்கள்.

"ஏட்டி வள்ளி, இவ ஒரு பக்கமாத்தான் பாக்கா. கவனிச்சியா?"

"வாசல் வெளிச்சத்தைப் பாக்கா அத்தை. பிள்ளைக எல்லாம் வெளிச்சத்தத்தான பாக்கும்?" என்றேன்.

சொல்லிவிட்டேன். அதிலிருந்து நான் வேறு எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 10

மடியில் வைத்தால் இடது பக்கம். தொட்டிலில் போட்டால் இடது பக்கம். தூங்கியபின் கன்னத்தில் கை வைத்து மெல்ல வலது பக்கம் திருப்பினேன். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய்விட்டது.

அத்தையின் அம்மா பேரை வைத்திருக்கிறோம் – ஆறுமுகத்தாய். ஆறு முகம். இருக்கிற ஒன்றே திரும்ப மாட்டேன் என்கிறது.

மார்ச் 20

கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது. வலது பக்கம், காதுக்குக் கீழே, சதைக்குள். ஆலிவ் விதை அளவு என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். ஆலிவ் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? இலந்தைக் கொட்டை என்று நான் அத்தைக்குச் சொன்னேன். தினமும் குளிப்பாட்டுகிற கழுத்து. மடிப்புக்குள் விரல் விட்டுத் துடைக்கிற கழுத்து. எப்படி என் விரலுக்குத் தெரியாமல் போனது?

"கழலையா டாக்டர்?" என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார்கள்.

கழலை இல்லையாம். அந்தப் பக்கத்துச் சதை சுருங்கியிருக்கிறதாம். பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் கை காலுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்றே ஒரு அம்மா வந்திருக்கிறாராம், வேலூரில் வேலை பழகியவர். பிசியோதெரபி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் இவர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று விதமாக வந்தது. அத்தை, "பேரே வாயில நுழையல, அது கழுத்துல எங்க நுழையும்?" என்றார்கள்.

சிரிக்க வேண்டிய பேச்சு. ஒருவரும் சிரிக்கவில்லை.

மார்ச் 27, சனி

பஸ்ஸில் போய்வந்த களைப்பு. எழுதாவிட்டால் அந்த அம்மா சொன்னது மறந்துபோகும் என்று பயமாக இருக்கிறது. குழந்தை தூங்குகிறது. எந்தப் பக்கம் என்று எழுதவும் வேண்டுமா?

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீளமான கூடம். தரை முழுக்கக் கோரைப்பாய். நடப்பதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பு கட்டியிருந்தது. ஒரு சின்னப் பையன் தண்ணீர்ப் போத்தலில் குழாய் விட்டுக் குமிழி ஊதிக்கொண்டிருந்தான் – நெஞ்சில் சளி கட்டியதற்கு அதுதான் பயிற்சியாம். பதினான்கு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, இளம்பிள்ளை வாதம் வந்த காலில் மணல் மூட்டையைக் கட்டித் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். வலித்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டே என் குழந்தையைப் பார்த்து, "அக்கா, பாப்பாவுக்கு என்ன?" என்றாள். கழுத்து என்றேன். "கழுத்தா? கால்னாத்தான் கஷ்டம்" என்றாள் என்னை ஆறுதல்படுத்துகிற மாதிரி. அவளுடைய ஆறுதலை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

பயிற்சி கொடுக்கிற அம்மா பெயர் ஞானபூரணம்; உயரம், வெள்ளைப் புடவை, சட்டென்று பேசுகிறவர். குழந்தையை வாங்கிப் பாயில் கிடத்திக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிரசவத்தில் அந்தச் சதை நசுங்கியிருக்கலாம், வயிற்றுக்குள்ளேயே அப்படி மடங்கிக் கிடந்தும் இருக்கலாம் என்றார். நான் செய்த எதனாலும் இல்லையாம். ("நான் இடது பக்கமே போட்டுப் பால் கொடுத்தேனா?" என்று கேட்டேன். இரண்டாம் தரமும் கேட்டேன்.)

ஒரு கையால் தோளை அமுக்கிப் பிடிக்க வேண்டும். மறு கையால் தலையை ஏந்தி, முகத்தை வலது தோளைப் பார்க்கத் திருப்பி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு தலையை இடது தோள் பக்கம் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு தரம் பால் குடிக்கும் முன்னும்.

என்னைச் செய்யச் சொன்னார். குழந்தை அலறினாள், நான் விட்டுவிட்டேன்.

"திருகாதீங்க. திருப்புங்க" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"கையில ரெண்டும் வேற. திருகினா நீங்க இழுக்குதீங்க. திருப்பினா அவ வருதா. நீங்க கூடப் போறீங்க. மறுபடி செய்ங்க."

செய்தேன். அவள் வரவில்லை.

புடவைத் தொட்டிலில் பகலில் போடக் கூடாது, கழுத்து சுருண்டுகொள்ளும், பாயில்தான் கிடத்த வேண்டும் என்றார். கடைசியில் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். சரியாகாவிட்டால்? ஒரு வயசு வரை பார்ப்போம் என்றார். அதற்கு மேல் மெட்ராஸில் ஆபரேஷன். அந்தச் சதையை அறுத்து விடுவார்கள். விட்டுவிட்டால் முகமே ஒரு பக்கம் சிறுத்து, கண் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வளர்ந்துவிடும்.

திரும்பி வரும் வழியெல்லாம் மடியில் அவள் முகத்தையே அளந்துகொண்டு வந்தேன். இப்போதே வலது கன்னம் கொஞ்சம் சின்னதோ?

ஏப்ரல் 2

அழுகை. காலையில் அழுகை, மத்தியானம் அழுகை. ஆரம்பித்ததும் முகம் சிவந்து, மூச்சை அடக்கிக்கொள்கிறாள். நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

கடைக்கு வந்த ராயகிரிக்காரர் ஒருவர் மாமாவிடம், "பிள்ளைய யாரு அண்ணாச்சி அடிக்கிறது?" என்று கேட்டாராம். அத்தை வாசலை ஒட்டிய பட்டாசலில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வது எனக்குக் கேட்கிறது:

"படிச்சவல்லா? பிள்ளை கழுத்தத் திருகுதா. ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காகளாம்."

திருகுகிறேனாம். கோழிக் கழுத்தைத் திருகுகிற மாதிரி. அந்தச் சொல்தான் என்னைக் கொல்கிறது. அத்தை கெட்டவர்கள் இல்லை. குழந்தை அழுது ஓய்ந்ததும் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போய் முதுகைத் தடவுகிறார்கள். அவர்கள் மார்பில் சாய்ந்து என்னைப் பார்க்கிறாள் அவள் – இடது பக்கமாகத்தான்.

ஏப்ரல் 9

கோயில் புற்றுமண் வந்தது. குழைத்துக் கட்டியில் பூசியிருக்கிறார்கள் அத்தை. பூசட்டும். மண்ணால் என்ன கெடும்? ஆனால் உலர்ந்த மண்ணோடு பயிற்சி செய்தால் மடிப்பில் உரசிப் புண்ணாகிறது. கழுவிவிட்டுச் செய்தேன். கழுவியதற்கு ஒரு சண்டை.

சண்டை சத்தம் பின்வீட்டுக்குக் கேட்டிருக்கும். மத்தியானம் பின்வீட்டு மகபூப் பீவி அக்கா இடியாப்பம் கொண்டுவந்தார்கள். கிழக்கே எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் முற்றம். ஆடும் கோழியுமாக எப்போதும் ஒரு இரைச்சல். அத்தை பழைய பல்லவியைத் தொடங்கினார்கள்: "பாரு பீவி, பச்சப்பிள்ள கழுத்தத் திருகுதா."

"நாங்க கோழியக்கூடத் திருக மாட்டோம் மதினி, அறுக்கத்தான் செய்வோம்" என்று பீவி அக்கா சொல்லிவிட்டு, சொன்னது பொருத்தமில்லை என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு!

பிறகு அறுப்பது என்ற சொல் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. மெட்ராஸ்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. கனி காண வைத்த கண்ணாடியில் குழந்தையைக் காட்டினார்கள். கண்ணாடிக்குள் அவள் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடி – ஒரே நொடி – நம்பிவிட்டேன்.

மே 8, சனி

ஞானபூரணம் அம்மாவிடம் போய்வந்தோம். கட்டி கொஞ்சம் இளகியிருக்கிறது. ஆனால் தானாகத் திரும்புவது இல்லை. நாம் திருப்பினால் போதாது, அவள் திரும்ப ஆசைப்பட வேண்டும் என்றார். எங்கே படுக்க வைக்கிறீர்கள், எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சொன்னேன். அறைக்கு மேற்கே ஒரு வாசல், சன்னல் இல்லை. தெற்கே தலை வைத்துப் போடுகிறோம். வாசல் அவளுக்கு இடது பக்கம்.

"அப்ப நாள் பூரா இடது பக்கமே பழக்கிட்டு, நேரத்துக்கு நேரம் அழவச்சு வலது பக்கம் திருப்புதீங்க. எப்படி வருவா? தலைமாட்ட மாத்திப் போடுங்க. வாசல் வலது பக்கம் வரட்டும்."

வடக்கே தலையா? நான் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. பிணத்தை அல்லவா அப்படிக் கிடத்துவது?

கல்லூரியில் தாவரவியல் செய்முறை வகுப்பு ஞாபகம் வருகிறது. முளைவிட்ட பயற்றை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டு மூடிவைப்போம். திறந்தால் முளையெல்லாம் ஓட்டைப் பக்கம் வளைந்து கிடக்கும். பெட்டியைத் திருப்பி வைத்தால் இந்தப் பக்கம் வளையும். எத்தனை சுலபமாக இருந்தது, பெட்டியைத் திருப்பி வைப்பது!

மற்ற அறைகளுக்கும் மேற்கேதான் வாசல். ஒரே வரிசையாகக் கட்டிய வீடு. கூடத்தில் வத்தல். எங்கே போடுவேன்?

மே 11

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார்கள். பாயைச் சுற்றி வைத்து, வடக்கே தலையாகக் கிடத்தினேன். நான் வாசலில் உட்கார்ந்து வளையலை ஆட்டினேன்.

முதலில் சுவரைப் பார்த்தாள். தேடினாள். தலை அசைந்தது – கொஞ்சம், மேலே கூரையைப் பார்க்கிற வரை, அதற்கும் கொஞ்சம் இந்தப் பக்கம். அழாமல். யாரும் தொடாமல். வருகிறாள், வருகிறாள் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்புறம் வாசலிலிருந்து அவளை முழுசாகப் பார்த்தேன். வெள்ளைத் துணி. வடக்கே தலை. அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டு.

ஓடிப் போய்த் தூக்கிவிட்டேன். நான் படித்தவள். இதையெல்லாம் நம்புவதில்லை என்று கல்லூரி விடுதியில் எத்தனை பேரோடு வாதாடியிருக்கிறேன்? நம்பாதவள் ஏன் ஓடிப்போய்த் தூக்கினேன்?

மே 14

மறுபடி போட்டேன். பார்த்துக்கொண்டிருக்காமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வளையலை மட்டும் ஆட்டினேன்.

மே 19

அத்தை பார்த்துவிட்டார்கள்.

கோயிலிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார்கள். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் தேங்காய் மூடி கீழே விழுகிற சத்தம். அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். குனிந்து பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. வெயில் காலம், உடம்பு சுடத்தான் செய்யும். சுடத்தான் செய்யும் என்று எழுதுகிறேன். கை அவள் நெற்றியில்தான் இருக்கிறது.

மே 20

காய்ச்சல் விட்டுவிட்டது.

அத்தை என்னிடம் பேசினார்கள். கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல்.

"காசிக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், தெரியுமா?"

தெரியாது. இவருக்கு மூத்தவர் ஒருவர் இருந்ததாக இந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"தவழுத பருவத்துல போயிட்டான். நான்தான் என் கையாலயே வடக்க தலை வச்சுப் படுக்கப் போட்டேன். வேற யாரையும் தொட விடல." கீரைக் காம்பை ஒடித்தார்கள். "ஒன் டாக்டரம்மா என்ன வேணும்னாலும் சொல்லட்டும். அத மட்டும் என் கண்ணுல காட்டாதட்டி."

இனி வடக்கே போட மாட்டேன். அத்தைக்காகவா, எனக்காகவா? தெரியாது. ஆனால் குழந்தைக்கு என்ன செய்வேன்?

மே 29

இடது பக்கம்.

ஜூன் 3, வியாழன்

நான் இன்று பேசிய பேச்சு சரியில்லை. மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டேன்.

ஆரம்பித்தது சின்ன விஷயம். பயிற்சி செய்யும்போது கழுத்து மடிப்பு சிவந்திருப்பதைப் பார்த்து, "இன்னுமாட்டி திருகுத? வந்த பலனத்தான் பாத்தமே" என்றார்கள் அத்தை. எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"என்ன செய்யச் சொல்லுதிய அத்தை? திருப்பினா திருகுதாம்பிய. திருப்பாட்டா மெட்ராஸ்ல அறுப்பாக. தலைய மாத்தியும் போடக் கூடாது. வெளிச்சம் அந்தப் பக்கம் வேணும்னா கிழக்குச் சொவத்துல ஓட்டையா போட முடியும்?"

கூடத்தில் சோறு பிசையும் சத்தம் நின்றது. மாமா – கடையில் வத்தல் விலை சொல்வதற்கு மட்டும் வாயைத் திறக்கிற மனுஷர், கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என்னிடம் நேராகப் பேசாதவர் – சொன்னார்கள்:

"போடலாம்."

அவ்வளவுதான். ரசம் கேட்டார்கள்.

ஜூன் 5

மாமா வேடிக்கையாகச் சொல்லவில்லை. கடை முழக்கோலை எடுத்துவந்து கிழக்குச் சுவரை அளந்தார்கள். இவர், "அப்பா, சொவரு நம்மது, முத்தம் அவுகளதுல்லா? பின்வீட்டுத் தாவூது என்ன சொல்லுவாரோ" என்றார்கள்.

"கேட்டாத் தெரியும் காசி."

ஜூன் 7

கேட்டாகிவிட்டது. தாவூது, பீவி அக்காவின் வீட்டுக்காரர், பேட்டையில் பாய்க்கடை வைத்திருக்கிறவர், "யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாராம். அந்த முற்றத்தில்தான் அவர்கள் வீட்டுப் பெண்கள் குளிப்பதும் துணி துவைப்பதும். அங்கே ஆம்பிளைகள் உள்ள வீட்டிலிருந்து ஒரு சன்னல் திறந்தால்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். சொல்ல முடியாமல்தான் யோசிக்கிறார்.

ஆடி பிறந்துவிட்டால் சுவரில் கை வைக்க அத்தை விட மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் நடக்க வேண்டும். இல்லையென்றால் ஆவணி. ஆவணிக்குள் குழந்தைக்கு ஒன்பதாவது மாதம் பிறந்துவிடும். அப்புறம் என்ன இருக்கிறது ஒரு வயசுக்கு?

ஜூன் 12

பதில் இல்லை. பீவி அக்காவும் வரவில்லை. இடியாப்பப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கவும் கூச்சமாக இருக்கிறது. கேட்காமலே இருந்திருக்கலாமோ?

ஜூன் 15, செவ்வாய்

பீவி அக்கா வந்தார்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேரே என் அறைக்குள். கிழக்குச் சுவரைப் பார்த்தார்கள், குழந்தையைப் பார்த்தார்கள். பிறகு முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, குழந்தைக்குப் பக்கத்தில் அவள் மாதிரியே மல்லாந்து படுத்துவிட்டார்கள்! அத்தை வாசலில் நின்று, "என்ன பீவி, நீயும் தொட்டில்பிள்ளையாயிட்டியா?" என்றார்கள்.

"பொறுங்க மதினி. இவளுக்கு என்ன தெரியுதுன்னு பாக்கேன்." தலையை வலது பக்கம் திருப்பினார்கள். கொஞ்ச நேரம் சுவரின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்கள்.

"வள்ளி, பிள்ளை நின்னுக்கிட்டா பாக்கப் போகுது?"

"இல்லக்கா."

"படுத்தவ பாக்க ஓட்டையும் படுத்துக்கிடந்தாப் போதும்லா? தரையோட தரையா, முழங்காலுக்குக் கீழ போடச் சொல்லு. நின்ன ஆம்பிளைக்கு அங்கன என்ன தெரியும்? எங்க ஆட்டுக் காலுதான் தெரியும். எங்க அவுகட்ட நான் பேசிட்டேன்."

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பி.எஸ்ஸி. வரை படித்தேன், பெட்டியின் ஓட்டை முளையின் உயரத்தில்தான் இருந்தது என்பது எனக்குத் தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றவில்லை, மாமாவுக்குத் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டே யோசித்திருக்கிறோம்.

ஜூன் 24, வியாழன்

சுவர் உடைந்தது. கொத்தனார் துரைப்பாண்டி வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. "இது சன்னலா அண்ணாச்சி, பூனைக்கு வாசலா? பூனைன்னா ஒரு எலி வெலை கொறச்சுக்கிடுதேன்." அப்புறம், "மேல போட்டா காத்து வரும். கீழ போட்டா எறும்புல்லா வரும்?" மாமா முழக்கோலால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

தூசிக்குப் பயந்து குழந்தையோடு அடுக்களையில் இருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. பயந்துவிட்டாளோ? மாலையில் போய்ப் பார்த்தால், அறையில் இதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம், தரையில் பாய் மாதிரி விரிந்து கிடந்தது.

ஜூன் 25

தெற்கே தலை. கிழக்கே, அவள் வலது பக்கம், வெளிச்சம். வாசல் கதவைச் சாத்திவிட்டு நானும் சன்னல் பக்கம் உட்கார்ந்தேன்.

சாத்திய கதவையே அவள் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நாள் முழுக்க.

ஜூன் 28

அதே. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குத் தெரிகிறது. பின்வீட்டில் முற்றத்தைத் திறந்துவிட்டார்கள், மாமா சுவரை உடைத்தார்கள், ஊரெல்லாம் பூனை வாசல் என்று சிரிக்கிறது. என் பேச்சால். என் வாயால். முளை வேறு, பிள்ளை வேறு என்று ஏன் எனக்குத் தெரியவில்லை?

பயிற்சியை விடவில்லை. அதை மட்டும் விடவில்லை.

ஜூலை 4, ஞாயிறு

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

காலையில் குழந்தையைக் கிடத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அறைக்குள் கோழி! பீவி அக்கா வீட்டுச் செவலைப் பெட்டை, குஞ்சுகளோடு சன்னல் வழியாகத் தலையையும் நெஞ்சையும் உள்ளே நீட்டிக் கொத்திக்கொண்டிருக்கிறது. குழந்தையின் கையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. கண்ணைக் கொத்திவிட்டால்? ஐயோ என்று நான் பாய, உள்ளேயிருந்து அத்தையின் குரல்:

"விரட்டாதட்டி!"

அத்தை சுவர் மூலையில் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கம்புத் தானியம். ஒரு கை பிள்ளையின் நெஞ்சின் மேல், காவலுக்கு. மறு கையால் சன்னல் திட்டில் கம்பைத் தூவிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா அத்தை?"

"நாலஞ்சு நாளா. நீ குளிக்கப் போற நேரம். நீ பாத்தா சத்தம் போடுவ."

"எதுக்கு –"

"சும்மா வெளிச்சத்த எந்தப் பிள்ளைட்டி பாக்கும்? உசிரு இருந்தாத்தான பாக்கும். பேசாம அவளப் பாரு."

பார்த்தேன்.

முழுசாக இல்லை. கன்னம் பாயைத் தொடவில்லை. ஆனால் மூக்கு கூரையைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. கண் இரண்டும் கடைக்கோடிக்கு ஓடி, கண்ணுக்குப் பின்னால் தலை மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. குஞ்சு ஒன்று திட்டில் ஏறிச் சறுக்கியது. அவள் குரல் கொடுத்தாள் – அழுகை இல்லை அது.

நான் ஈரப் புடவையோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. பயிற்சிக்கு முன்னால் கோழி, பயிற்சிக்குப் பின்னால் கோழி. அழுகை குறைந்திருக்கிறது. இப்போது நான் தலையைத் திருப்பும்போது எனக்கு முன்னால் அவள் போகிற மாதிரி ஒரு நிமிஷம் தோன்றுகிறது. தோன்றுவதுதானா? ஞானபூரணம் அம்மா சொன்னது இதைத்தானா?

ஆகஸ்ட் 14, சனி

கோயிலில் ஆடித் தபசு பார்க்க வந்த கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்துகொண்டிருக்கிறது. அத்தை கொடியேற்றிய நாளிலிருந்து கோயிலை ஆடிச்சுற்று சுற்றி வந்தார்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மனின் கால்வலியில் பாதியை நாம் வாங்கிக்கொள்வதாம் அந்த நடை. கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வெந்நீர் ஊற்றினேன். பாதத்திலிருந்து கணுக்கால் வரை மெல்லப் பிடித்துவிட்டேன்.

"பாத்து. திருகிராத" என்றார்கள்.

"திருப்புதேன் அத்தை."

காலை நீட்டிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 11, சனி

பாளையங்கோட்டை. இந்தத் தடவை அத்தையும் வந்தார்கள். ஞானபூரணம் அம்மா குழந்தையை உட்காரவைத்து, கிலுகிலுப்பையை இடமும் வலமுமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். வலது பக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தலை இன்னும் ஒரு நூல் சாய்ந்துதான் நிற்கிறது. கட்டி கைக்குத் தெரியவில்லை. ஆபரேஷன் பற்றி நான் கேட்டதற்கு, "இப்ப அந்தப் பேச்சு எதுக்கு?" என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். நான் புடவையைச் செருகிக்கொள்வதற்குள் அத்தை பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். தோளில் ஒரு கை, தலைக்கு அடியில் ஒரு கை.

"நாங்க இப்படித்தாம்மா திருப்புதோம்."

மணல் மூட்டை கட்டிய பெண் கைப்பிடிக் கம்புக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு கையை விட்டு ஆட்டினாள். விழுந்துவிடப் போகிறாளே என்று எழுந்துவிட்டேன். விழவில்லை.

அக்டோபர் 3, ஞாயிறு

மழை வரும்போல் இருக்கிறது. புதுக் கவலை: குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள், நேரே சன்னலுக்குத்தான் போகிறாள். கையை வெளியே விட்டு ஆட்டுக் காதைப் பிடிக்கிறாள். மழைக்காலத்தில் அந்த வழியாகப் பூச்சிபொட்டு வராதா? நாகத்தைக் கும்பிடுகிற ஊர் என்றாலும் அது வீட்டுக்குள் வரலாமா? இவரிடம் கம்பிவலை அடிக்கச் சொன்னேன். அத்தை, "அடிங்க. கோழி மூக்கு நுழையுத அளவுக்கு ஓட்டை விட்டு அடிங்க" என்கிறார்கள்.

சாயங்காலம் பால் புகட்ட வாசலில் வந்து நின்று, "ஆறு" என்று கூப்பிட்டேன்.

அவள் அறை நடுவில் உட்கார்ந்திருந்தாள். மேற்கே நான், கிழக்கே சன்னல். அந்தப் பக்கம் பீவி அக்கா குஞ்சுகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது, ஒரே கூச்சல். இவள் தாடை வலது தோளில் உரச அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காது, கொஞ்சம் கன்னம்.

இன்னொரு தரம் கூப்பிட்டேன். வளையலை ஆட்டினேன். திரும்பவில்லை.

"சும்மா இரியேம்ட்டி" என்றார்கள் அத்தை. "பிள்ளை அந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்கால்லா."